எஞ்சினைக் கழற்றிய பிறகு

மின்சார வண்டியைக் கண்டதும் நம் ஊரில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" பெட்ரோல் வண்டியிடம் இதை யாரும் கேட்பதில்லை. டேங்க் நிரப்பினால் எவ்வளவு தூரம் போகும் என்று விசாரித்துவிட்டு ஸ்பிளெண்டர் வாங்கிய ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. அங்கே பேச்செல்லாம் "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். ஐம்பத்தைந்தா அறுபதா என்று மைலேஜை நுணுக்கி நுணுக்கி விசாரிக்கும் அதே மனிதர், மின்சாரம் என்றதும் டேங்கின் கொள்ளளவை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். விற்பவர்களுக்கு இது வசதி. பெரிய பேட்டரியை வைத்துப் பெரிய எண்ணைச் சொல்லிவிடலாம். அந்த வண்டி கிலோமீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

கோவைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் பாடம் நடத்துகிறேன். பழைய மோட்டார் சைக்கிளை மின்சாரத்துக்கு மாற்றப்போகிறோம் என்று இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் வந்து நின்றபோது நான் விதித்த நிபந்தனை இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். எதையும் வாங்குவதற்கு முன்னால், இந்த வண்டிக்கு ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வாட்-மணி தேவைப்படும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் மின்வாரிய அட்டையில் ஒரு யூனிட். மின்சார வண்டியின் மைலேஜ் என்பது இந்த எண்தான்.

இப்படி அடம்பிடிக்கக் காரணம் உண்டு. இறுதியாண்டுத் திட்டங்களைத் தாங்களே செய்து முடித்து, அறிக்கையையும் பைண்டு செய்து விற்கும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. மின்சார வண்டி என்றால் கடைக்குக்கூடப் போக வேண்டாம். இணையத்தில் ஹப் மோட்டார் கிட் ஒன்றை, அதாவது நடுவிலேயே மோட்டார் வைத்த சக்கரத்தை, வரவழைத்து, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, கிடைத்த இடத்தில் பேட்டரியைத் திணித்தால் வண்டி நகர்ந்துவிடும். நகரும் வண்டிக்குத் தேர்வாளர்கள் மதிப்பெண் போட்டுவிடுவார்கள். மாணவர் கற்றது என்ன என்று பார்த்தால், கூரியர் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கைப்பேசியில் பார்க்கக் கற்றிருப்பார்.

வண்டி, அணியில் ஒருவனுடைய அப்பாருவின், அதாவது தாத்தாவின், ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். 1994இல் அந்த மாடல் சந்தைக்கு வந்தது. இது தொண்ணூறுகளின் கடைசியில் வாங்கியது. 97.2 சிசி எஞ்சின், 10.5 லிட்டர் டேங்க். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் கேன்களைச் சுமந்தே தேய்ந்த வண்டி. பின் மட்கார்டில் கேன் உரசிய தழும்பு இன்னும் இருக்கிறது. பெரியவர் தாமே கல்லூரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து, பட்டறை வாசலில் நிறுத்தி, மறுபடி ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து காட்டிவிட்டுக் கேட்டார்: "எஞ்சின் நன்றாகத்தானே இருக்கிறது, இதை எதற்குக் கழற்றுகிறீர்கள்?" மாணவர்கள் புகை, புவி வெப்பமாதல் என்று ஏதோ சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்தார். அவருடைய கேள்வி நியாயமானது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

கணக்கு இப்படிப் போனது. வண்டியும் ஓட்டுபவருமாக ஏறத்தாழ 190 கிலோ. சமதளத்தில் சீரான வேகத்தில் போகும்போது இரண்டு தடைகள்தான். டயர் உருளும்போது எழும் தடை ஒன்று. அது வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை. மற்றது காற்று. அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் நம் வண்டிகள் காற்றுக்கு அகலமாக மார்பைக் காட்டுபவை. மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் இரண்டையும் சமாளிக்கச் சக்கரத்தில் ஒரு கிலோவாட் போதும். 60இல் அது இரண்டு கிலோவாட். மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து தரும் கன்ட்ரோலர், செயின் ஆகியவற்றில் போகும் இழப்பைச் சேர்த்துக்கொண்டால், பேட்டரியிலிருந்து எடுப்பது 45இல் கிலோமீட்டருக்கு 28 வாட்-மணி, 60இல் 42. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியதும் செலவு பாதிக்குப் பாதி ஏறுகிறது. இந்த இரண்டு எண்களையும் பட்டறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வைக்கச் சொன்னேன்.

அந்த ஸ்பிளெண்டர் எஞ்சினின் உச்சத் திறன் ஏழரைக் குதிரைசக்தி, அதாவது ஐந்தரைக் கிலோவாட். அப்படியானால் அதே அளவு மோட்டார் வேண்டும் என்று மாணவர்கள் முதலில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எஞ்சின் அந்த உச்சத்தைத் தருவது நிமிடத்துக்கு 8,000 சுற்றில். பால்காரர் யாரும் தம் வண்டியை அந்த அலறல் வரைக்கும் முறுக்கியிருக்க மாட்டார். அன்றாடம் தேவைப்படுவது ஒன்றிலிருந்து இரண்டு கிலோவாட். தொடர்ந்து மூன்று கிலோவாட் தரும் மோட்டார் இருந்தால், அவசரத்துக்குச் சில நொடிகள் அதன் இருமடங்கையும் தரும். அதோடு தேர்வு முடிந்தது. மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய வேலை என்று நினைத்து வந்தவர்களுக்கு அது ஒரு மாலையில் முடிந்துபோனது ஏமாற்றமாக இருந்தது.

பெட்ரோலையும் இதே அளவுகோலில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 60 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 150 வாட்-மணி. 45இல் போகும்போது சக்கரத்துக்கு வேண்டியதோ 22 சொச்சம். மீதி எல்லாம் சிலிண்டர் துடுப்புகள் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. இன்னொரு பக்கம், நாங்கள் வைக்கப்போகும் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 2.56 யூனிட். பெட்ரோல் கணக்கில் அது கால் லிட்டரைச் சற்றே தாண்டும். பெட்ரோல் பங்கில் கால் லிட்டர் போடச் சொன்னால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். அந்தக் கால் லிட்டரை வைத்துக்கொண்டு அறுபது கிலோமீட்டர் ஓட்ட முடிகிறது என்பதுதான் மின்மோட்டாரின் பெருமை. பத்தரை லிட்டர் டேங்கில் இருந்த 95 யூனிட்டுக்கு அருகில்கூட வர முடியாது என்பது பேட்டரியின் நிலைமை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத எந்த விளம்பரத்தையும் நான் நம்புவதில்லை.

எஞ்சினைக் கழற்றும் நாள் வந்தது. புல்லட்டின் பழைய மாடல்களில் எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. வேண்டுமானால் எஞ்சினை மட்டும் எடுத்துவிட்டுக் கியர்பாக்ஸை வைத்துக்கொள்ளலாம். ஸ்பிளெண்டரில் இரண்டும் ஒரே வார்ப்புக்குள் இருக்கின்றன. எஞ்சின் போனால் கிளட்சும் போகும், நான்கு கியரும் போகும். இன்னொரு சங்கடமும் உண்டு. சில வண்டிகளில் எஞ்சினே சட்டகத்தின் ஒரு பகுதி. அதை எடுத்தால் சேஸிஸின் இரண்டு முனைகளுக்கும் நடுவே தாங்க ஆளில்லை. ஸ்பிளெண்டரில் எஞ்சினுக்கு அடியிலும் குழாய்கள் ஓடி அதை ஏந்திக்கொள்ளும் அமைப்பு இருப்பதால் அந்தக் கவலை குறைந்தது. மாற்றுவதற்குப் பழைய வண்டி தேடுகிறவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

கியர் இல்லாமல் ஓடுமா? மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையையும் தரும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கோவையில் இருந்துகொண்டு வண்டி செய்தால் பாடப்புத்தகம் எடுபடாது. வாட்ச்மேன் முதல் துறைத்தலைவர் வரை கேட்பது "மருதமலை ஏறுமா?" என்பதைத்தான். அதுவும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஏற வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றம், மொத்தம் 270 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டோம். வண்டியைப் பின்னால் இழுக்கும் விசை 31 கிலோ எடைக்குச் சமம். பின்சக்கரத்தில் 90 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை வேண்டும். எங்கள் மோட்டார் சூடாகாமல் தொடர்ந்து தருவது பத்துக்கும் சற்றுக் குறைவு. செயின் ஓடும் பல் சக்கரங்களான ஸ்பிராக்கெட்டுகளில் வண்டியோடு வந்த விகிதம் மூன்றுக்குச் சற்று மேல். அதை அப்படியே வைத்தால் மோட்டாரிடம் அதன் அளவைப் போல் மூன்று மடங்கு கேட்க வேண்டும். மலை முடிவதற்குள் கம்பிச்சுற்று வெந்துவிடும். முன்னால் 11 பல், பின்னால் 55 பல் என்று ஐந்துக்கு ஒன்றாக மாற்றினால் கேட்பது இரண்டு மடங்குக்குக் கீழே வந்துவிடுகிறது. அதைச் சில நிமிடங்கள் தாங்கும். வேகம் 60ஐத் தொடும்போது மோட்டார் 2,650 சுற்றில் இருக்கும். அதன் வரம்பு 3,000. ஒரே ஒரு கியரோடு வாழ்வதென்றால் மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே இப்படி ஒரு உடன்படிக்கை செய்துகொள்ளத்தான் வேண்டும். எண்பதில் பறக்க வேண்டும் என்ற இளைஞர்களின் ஆசை அந்த உடன்படிக்கையில் பலியானது.

55 பல் சக்கரம் கடையில் கிடைக்காது. ஆனால் இது கோயம்புத்தூர். பம்ப்செட்டுக்கும் நூற்பாலைக்கும் பாகங்கள் கடைந்தே வளர்ந்த ஊர். கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில் உட்கார்ந்தால் எந்தப் பாகத்தையும் செய்து வாங்கிவிடலாம். பட்டறை அண்ணன் மாணவர்கள் கொண்டுபோன வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மோட்டார் ஓடிவிடும் தம்பி. செயின் ஓடுமா என்று பாருங்கள்."

அவர் சொன்னது முழு உண்மை. மோட்டாரை வைக்கும் இடத்தைத் தீர்மானிப்பதற்குத்தான் இந்தத் திட்டத்தில் அதிக நேரம் போனது. பின்சக்கரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. குழியில் இறங்கி ஏறும்போது, அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஒரு கீலைச் சுற்றி மேலும் கீழும் ஆடுகிறது. முன் ஸ்பிராக்கெட் அந்தக் கீலுக்குப் பக்கத்தில் இருந்தால், சக்கரம் ஆடினாலும் செயினின் இழுப்பு அதிகம் மாறாது. தள்ளி வைத்தால் ஒவ்வொரு குழியிலும் செயின் ஒருமுறை தொய்ந்து ஒருமுறை விறைக்கும். கழன்று விழுந்து பின்சக்கரத்தைப் பூட்டிவிடவும் கூடும். பழைய எஞ்சினைத் திரும்பிப் பார்த்தபோது, அதன் ஸ்பிராக்கெட் கீலுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பது அப்போதுதான் மாணவர்கள் கண்ணில் பட்டது. ஜப்பானியர் போட்ட கணக்கு அந்த அலுமினிய வார்ப்புக்குள் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறது. மோட்டாரின் உடல் தடித்தது. கீலுக்கு அருகே கொண்டுபோனால் சட்டக் குழாயில் இடித்தது. அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, மறுபடி வெட்டி, கடைசியில் எஞ்சின் போல்ட் ஓட்டைகளையே பயன்படுத்தி 8 மி.மீ. இரும்புத் தகட்டில் ஒரு தாங்கி அமைந்தது. சட்டகத்தில் ஓரிடத்தில்கூட வெல்டிங் வைக்கவில்லை. வேண்டுமென்றால் நாளைக்கே பழைய எஞ்சினைத் திரும்ப மாட்டலாம். பெரியவருக்கு அது ஒரு ஆறுதல்.

ஸ்பிராக்கெட்டை மோட்டார் தண்டில் பற்றவைத்துவிடலாம், இரண்டையும் பூட்டும் கீ-வே பள்ளம் வெட்டும் செலவு மிச்சம் என்று ஒரு யோசனை வந்தது. வரவே கூடாத யோசனை. உள்ளே இருக்கும் நியோடிமியக் காந்தங்களில் சாதாரண வகை 80 டிகிரியைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். ரோட்டர் எங்கே இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சர்களையும் வெல்டிங் கெடுத்துவிடக்கூடும். தண்டில் வெல்டிங் வைத்த மோட்டார்களை ரீவைண்டிங் கடைகளில் பார்த்திருக்கிறேன்.

பேட்டரிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களை எடுத்தோம். 3.2 வோல்ட், 50 ஆம்பியர்-மணி கொண்டவை 16. தொடராக இணைத்தால் 51.2 வோல்ட். நிக்கல் கலந்த செல்கள் இதே எடையில் கூடுதல் ஆற்றல் தரும். ஆனால் 2022 கோடையில் நாடெங்கும் மின்சார ஸ்கூட்டர்கள் பற்றியெரிந்த செய்திகளைப் படித்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகுதான் அரசாங்கம் ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. பாஸ்பேட் செல்லும் தீப்பிடிக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அது கொந்தளிக்கத் தொடங்கும் வெப்பநிலை அதிகம். வெளிவிடும் வெப்பமும் குறைவு. மாணவர்கள் வேலை செய்யும் அறையில் எனக்கு வேறு எந்த வாதமும் தேவைப்படவில்லை.

51 வோல்ட் ஆளைக் கொல்லாது என்ற தைரியம் எல்லோருக்கும் இருக்கிறது. மின்னதிர்ச்சியை விட்டுத்தள்ளுங்கள். ஸ்பேனர் ஒன்று இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்தால் அந்தப் பெட்டி நொடியில் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கக்கும். ஸ்பேனர் உருகும், விரலில் மோதிரம் இருந்தால் அதுவும் விரலோடு சேர்ந்து உருகும். கருவிகளின் கைப்பிடியெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றியாயிற்று. மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாம் மேசை இழுப்பறைக்குள். மின்னியல் துறையிலிருந்து நாங்கள் கடன் வாங்கியிருந்த மாணவி இதில் கண்டிப்பானவள். என் கைக்கடிகாரத்தையும் கழற்ற வைத்தாள். பேட்டரியைக் கன்ட்ரோலரோடு முதன்முதல் இணைக்கும்போது உள்ளிருக்கும் மின்தேக்கிகள் ஒரே விழுங்கில் மின்சாரத்தை இழுப்பதால் பட்டென்று தீப்பொறி பறக்கும், இணைப்பான் கருகும். முதலில் ஒரு மின்தடை வழியாக மெதுவாக நிரப்பி, பிறகு முழு இணைப்பைத் தருவதற்கு அவள் போட்ட சின்னச் சுற்று, முழு வண்டியிலும் எனக்குப் பிடித்த பாகம்.

பெட்ரோல் டேங்கின் அடியை வெட்டி உள்ளே எதையாவது வைக்கலாம் என்றார்கள். மறுத்துவிட்டேன். பல ஆண்டுகள் பெட்ரோல் ஊறிய டேங்கில் ஆவி எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியாது. கட்டரின் ஒரு பொறி போதும். டேங்க் வெறுமையாக, அழகுக்கு அப்படியே இருக்கிறது. எஞ்சின் இருந்த குழியில் பேட்டரிப் பெட்டி. அதன் முன்னால், காற்று படும் இடத்தில் கன்ட்ரோலர். எஞ்சினும் சைலன்சரும் போய் இவை வந்ததில் வண்டி ஏழெட்டுக் கிலோ கூடியது.

எல்லாம் பொருத்தி முடித்தபோது ஹாரன் அடித்தது, இண்டிகேட்டர் மின்னியது, ஹெட்லைட் மட்டும் எரியவில்லை. ஒயரை எல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு வந்து நின்றார்கள். பழைய வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் காரணம் தெரிந்திருக்கும். அந்தக் காலத்து ஸ்பிளெண்டரில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை. எஞ்சினோடு சுழலும் மேக்னெட் சுருளிலிருந்து நேராக மாறுதிசை மின்சாரம் அதற்குப் போகும். ராத்திரியில் சிக்னலில் நிற்கும்போது வெளிச்சம் மங்கி, ஆக்சிலரேட்டரை முறுக்கினால் பிரகாசமாவது அதனால்தான். எஞ்சினைக் கழற்றியபோது வெளிச்சத்தையும் சேர்த்துக் கழற்றிவிட்டோம். 51 வோல்ட்டைப் 12 வோல்ட்டாக்கும் ஒரு டிசி மாற்றியை வைத்து, அந்த ஒயரிங்கை முழுவதும் புதிதாக இழுக்க வேண்டியிருந்தது. ஸ்பீடோமீட்டர் மட்டும் எந்தத் தொந்தரவும் தரவில்லை. அதன் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருகிறது. பால் சுமந்த கிலோமீட்டர்களோடு புதிய கிலோமீட்டர்களையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருக்கிறது.

அநாதையாக நின்றது கிளட்ச் கைப்பிடி. அதில் ஒரு சுவிட்ச் வைத்து, பிடித்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை மெதுவாக்கும்படி செய்தோம். எஞ்சின் பிரேக்கிங் போய்விட்ட வண்டிக்கு இது தேவை, 130 மி.மீ. டிரம் பிரேக் தனியாக எல்லாவற்றையும் சுமக்கக் கூடாது. பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லாததால் இந்தப் பிடிப்பு கிடைக்காது என்பதையும் ஓட்டுபவரிடம் சொல்லிவைக்க வேண்டும். பதற்றத்தில் பழக்கதோஷமாக எல்லோருடைய இடது கையும் கிளட்சைத்தான் பிடிக்கிறது. இந்த வண்டியில் அப்படிப் பிடித்தால் வேகம் குறைகிறது.

மருதமலைக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. காரணம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்ற உரிமையாளருக்கு அனுமதி இல்லை. மின்சாரத்துக்கு மாற்றும் கிட்டுகளுக்கு ஏஐஎஸ்-123 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி சோதித்து அங்கீகரித்த கிட்டை, அது எந்த மாடலுக்கு அங்கீகரிக்கப்பட்டதோ அதில் பொருத்தி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருளை மாற்றிப் பதிந்தால்தான் சாலையில் ஓட்டலாம். மகாராஷ்டிரத்தின் கோகோஏ1 நிறுவனம் 2021இல் ஸ்பிளெண்டருக்கு அப்படி ஒரு கிட்டைக் கொண்டுவந்தது. மாணவர்கள் பட்டறையில் செய்த ஒற்றை வண்டிக்கு அந்த வழி இல்லை. 25 கி.மீ. வேகத்துக்கும் 250 வாட்டுக்கும் உட்பட்ட வண்டிகளுக்குப் பதிவு தேவையில்லை என்ற விதி, பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மிகாதவற்றுக்குத்தான். கல்லூரிகள் இதைப் பற்றி மாணவர்களிடம் பேசுவதே இல்லை என்பது என் வருத்தம். செய்து முடித்த மறுநாள் வண்டியை வீட்டுக்கு ஓட்டிப்போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே மலையை வளாகத்துக்குக் கொண்டுவந்தோம். வண்டியின் பின்பக்கத்தைக் கயிற்றால் ஒரு கான்கிரீட் தூணில் கட்டி, நடுவே மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றை மாட்டினோம். ஒருவன் ஏறி உட்கார்ந்து மெதுவாக ஆக்சிலரேட்டரை முறுக்க, வண்டி கயிற்றை இழுக்க, தராசு கிலோவில் சொன்னது. வேண்டியது 31, முள் நாற்பதைத் தாண்டியது. ஓரிரு நொடிக்கு மேல் பிடிக்கவில்லை. சுழலாமல் நிற்கும் மோட்டாரில் மின்னோட்டம் முழுவதும் அதே சுருள்களில் தேங்கிச் சூடேற்றும். தேர்வுக்குழு உறுப்பினர் ஒருவர் இந்தத் தராசுக் காட்சியைப் பார்த்துவிட்டு, "எல்லாமே வாங்கிப் பொருத்தியதுதானே, இதில் புதுமை என்ன?" என்று கேட்டார்.

அவருக்கு நான் பிரிட்டனுக்கு அருகே இருக்கும் மேன் தீவைப் பற்றிச் சொன்னேன். புகழ்பெற்ற அந்த மலைச்சாலைப் பந்தயத் தடத்தில் மின்சார மோட்டார் சைக்கிள்களுக்கான முதல் பந்தயம் 2009 ஜூனில் நடந்தது. ஏறத்தாழ 60 கி.மீ. சுற்று. சராசரி மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வென்றது அக்னி அணி. அவர்கள் ஓட்டியது எஞ்சினைக் கழற்றிவிட்ட ஒரு சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் சட்டகத்தில் மோட்டாரையும் பேட்டரியையும் பொருத்திய வண்டி. மோட்டார் குஜராத்தோடு தொடர்புடைய அக்னி நிறுவனத்துடையது. வடிவமைப்பு செட்ரிக் லிஞ்ச் என்ற ஆங்கிலேயருடையது. அதுவும் வாங்கிப் பொருத்தியதுதான். தேர்வாளர் சிரித்துவிட்டு மதிப்பெண் போட்டார். எவ்வளவு என்பதை மாணவர்கள் வெளியே சொல்ல வேண்டாம் என்கிறார்கள்.

கிலோமீட்டருக்கு எத்தனை வாட்-மணி என்று வளாகத்தில் ஓட்டி அளந்ததில் வந்த எண் 36. கணக்கில் 28, வண்டியில் 36. இந்த எட்டு எங்கே போனது என்று தேடியதுதான் அறிக்கையிலேயே நல்ல அத்தியாயம். எங்கள் வளாகத்தில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லை. நின்ற வண்டியை மறுபடி 45க்குக் கொண்டுவர ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 5 வாட்-மணி செலவாகிறது. கிலோமீட்டருக்கு இரண்டு தடவை அப்படி நேர்ந்தால் பத்து; கிளட்ச் கைப்பிடி திருப்பித் தருவது அதில் இரண்டு. கணக்கு நேராகிவிட்டது. பேட்டரியை முழுக்கக் காலி செய்யாமல் 85 சதவீதம் பயன்படுத்தினால் 60 கி.மீ. ஓட்டம். செலவான மின்சாரத்தை ஆம்பியர் ஆம்பியராகக் கூட்டும் மீட்டரை வைத்துத்தான் இதை அளக்க முடியும். பாஸ்பேட் செல்லின் வோல்டேஜ் பெரும்பாலான நேரம் அசையாமல் நின்று, கடைசியில் சட்டென்று விழும். வோல்டேஜைப் பார்த்து மிச்சத்தைக் கணிப்பவர் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வருவார்.

இப்போது அப்பாருவின் கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. அறுபது கிலோமீட்டர் ஓடும் வண்டியில் கிலோமீட்டருக்கு 38 கிராம். எங்கள் வண்டி சார்ஜர் இழப்பையும் சேர்த்துச் சுவரிலிருந்து எடுப்பது 42 வாட்-மணி. நாட்டின் மின்தொகுப்பில் இன்னும் நிலக்கரிதான் பெரும்பங்கு. சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல் வாயு. பெருக்கினால் 30 கிராம். 38க்கும் 30க்கும் இடையிலான அந்த எட்டு கிராமில் பேட்டரி தயாரித்த கணக்கைக் கழிக்க வேண்டும். பெட்ரோலைத் தோண்டிச் சுத்திகரித்துக் கொண்டுவந்த கணக்கைக் கூட்ட வேண்டும். பெரிய காரை மாற்றினால் கிடைக்கும் லாபம் வேறு. நூறு சிசி வண்டி ஏற்கெனவே சிக்கனமானது. மின்சாரம் அதனிடம் போட்டியிட்டு மிகக் கொஞ்சமாகத்தான் ஜெயிக்கிறது. ஆடிக் காற்றில் பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் சுழலும் மாதங்களில் ஓட்டினால் கணக்கு இன்னும் சாதகமாகும் என்று வேண்டுமானால் சொல்லலாம். தெருவில் புகை இல்லை, சத்தம் இல்லை என்பவை தனி லாபங்கள். பணக் கணக்கிலும் பேட்டரிக்குக் கொடுத்த காசில் அந்த வண்டியைப் போல இரண்டு பழைய வண்டி வாங்கலாம். நன்றாக ஓடும் ஸ்பிளெண்டர் வைத்திருப்பவர் யாராவது வந்து கேட்டால் மாற்றச் சொல்ல மாட்டேன். பெரியவரிடமும் இதையே சொன்னேன். "அப்படியென்றால் பிள்ளைகள் படிப்பதற்குத்தான்," என்றார். ஆமாம் என்றேன். எஞ்சினைச் சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போனார்.

வண்டி கல்லூரியிலேயே இருக்கிறது. வளாகத்தின் எலக்ட்ரீஷியன், நீரேற்று அறைக்கும் விடுதிக்கும் போய்வர அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எஞ்சின் சத்தம் போனதால் இதுவரை கேட்காத செயின் கரகரப்பு, மட்கார்டு நடுக்கம் எல்லாம் கேட்கிறது என்கிறார்; மாணவர்கள் வழியில் நின்று பேசிக்கொண்டிருந்தால் வண்டி வருவது தெரிவதில்லை, ஹாரன் அடித்தே கை வலிக்கிறது என்கிறார். சாவி போட்டிருப்பது தெரியாமல் யாராவது ஆக்சிலரேட்டரைத் தொட்டால் ஆபத்து என்பதால், ஸ்டாண்ட் போட்டிருந்தால் மோட்டாருக்கு மின்சாரம் போகாதபடி ஒரு சுவிட்ச் வைத்தோம். அது அவருக்குப் பிடித்திருக்கிறது. டூல்ஸ் பையையும் ஏணியையும் கட்டிக்கொள்ளப் பின்னால் ஒரு கேரியர் வேண்டுமாம். இந்த வருட அணி அதற்கான வரைபடத்தோடு வந்தது. கேரியரும் ஏணியும் சேர்ந்து கிலோமீட்டருக்கு எத்தனை வாட்-மணி கூட்டும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.